தாய்மாமன் சீராக வந்த அருவி

எங்கள் பக்கத்தில் எதைத் திறந்தாலும் அது காதுகுத்து மாதிரிதான் நடக்கும். பேக்கரி திறந்தாலும் சரி, மாட்டுத் தீவனக் கடை திறந்தாலும் சரி, சொந்தபந்தம் தட்டுத் தூக்கிக்கொண்டு கொட்டுமேளத்தோடு வந்து இறங்கிவிடும். தேனியில் என் கணவரின் அத்தை மகன் எம்ஆர்ஐ ஸ்கேன் சென்டர் திறந்தபோதும் அதே கூத்துதான். மனிதன் கண்டுபிடித்ததிலேயே மிக நுட்பமான கருவிகளில் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வாசலில் வாழைமரம் கட்டி, யார் யார் என்ன செய்தார்கள் என்று மைக்கில் பேர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவள். அன்று பட்டுச்சேலை வேர்வையில் ஒட்ட, ஒரு பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் அந்த ஊர்வலத்தில் நடந்தேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

சென்டர் திறந்த அந்த டாக்டருக்கு என் மாமனார்தான் தாய்மாமன். தாய்மாமன் என்றால் எல்லோரையும் போல ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் பந்தியில் உட்கார முடியுமா? மதுரைக்குப் போய்த் தேடி அலைந்து ஒரு படம் வாங்கி வந்திருந்தார். மேசை அகலத்துக்குப் பெரிய படம். அதற்குள் ஒரு டியூப் லைட், ஒரு குட்டி மோட்டார். பிளக்கைச் சொருகினால் படத்தில் உள்ள அருவி ஓடும். பின்னால் பனி மூடிய மலை, ஊசி ஊசியாக மரங்கள், சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடு. ஒரு பஸ் ஏறினால் சுருளி அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வரலாம். நாங்கள் எங்கோ கண் காணாத தேசத்துப் பிளாஸ்டிக் அருவிக்கு வாய் பிளந்துகொண்டு நின்றோம். கீழே தங்க நிற ஸ்டிக்கரில் ‘தாய்மாமன் அன்பளிப்பு’ என்று எழுதி, அதற்குக் கீழே இன்னும் பெரிய எழுத்தில் மாமாவின் பெயர்.

மற்றவர்கள் கொடுத்தது எல்லாம் கடிகாரம். வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர். எந்த இரண்டும் ஒரே நேரம் காட்டாது. ஒன்றைக் கழற்றினால் ஒரு குடும்பம் முறைத்துக்கொள்ளும் என்பதால் எல்லாமே தொங்கின. டாக்டர் மட்டும் தன் கையில் கட்டியிருந்ததைப் பார்த்து நேரம் சொல்வார். அங்கே அளவு என்கிற விஷயத்துக்கு என்ன மரியாதை என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என் கணவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்தார். ஏலக் கூடத்தில் அப்போது எல்லாம் வாய் வார்த்தைதான். சாம்பிள் தட்டு கைமாறி வரும், நாலா பக்கமும் விலை கத்துவார்கள், யார் எவ்வளவு சொன்னார்கள் என்று காதில் வாங்கி அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். இவருக்குச் சின்ன வயதிலேயே சீழ் வந்து இடது காது போய்விட்டது. இருந்த ஒரு வலது காதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலம் ஓட்டினார். கூடத்தில் இடதுபக்கச் சுவரை ஒட்டிய நாற்காலிதான் அவர் இடம். அங்கே உட்கார்ந்தால் நல்ல காது ஜனங்கள் பக்கம் இருக்கும். காது சரியில்லாதவர்கள் பலரையும் போல இவருக்கும் குரல் கொஞ்சம் பெரிசு. வீட்டில் உப்புக் கேட்டால் தெருமுனைக்குக் கேட்கும்.

அந்த வலது காதில்தான் ரீங்காரம் ஆரம்பித்தது. நடந்தால் லேசாகத் தள்ளியது. மதுரையில் ஸ்கேன் எடுத்ததில், அந்தக் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. பதினொரு மில்லிமீட்டர். புற்றுநோய் இல்லை, பயப்படாதீர்கள் என்றார் அந்த ஊர் டாக்டர். இது அப்படியே வருஷக்கணக்கில் சும்மா கிடந்தாலும் கிடக்கும், ஒரு வருஷம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள், வளரவில்லை என்றால் தொடவே வேண்டாம். வளர்ந்திருந்தால் ஆபரேஷன் செய்தாக வேண்டும், செய்தால் அந்தக் காது போய்விடும். எங்களைப் பொறுத்தவரை ‘அந்தக் காது’ என்றால் இருக்கிற ஒரே காது. ஆக, என் கணவர் மிச்ச வாழ்க்கையில் ஒரு சத்தமாவது கேட்பாரா மாட்டாரா என்பது அந்தப் பதினொன்று என்கிற எண் நகர்கிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது.

வருஷம் முடிந்தது. பழைய இடத்திலேயே, பழைய மெஷினிலேயே எடுப்போம் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். ஒரே பொருளை இரண்டு முறை அளந்து ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே அளவுகோல் வேண்டும். இது ஆறாம் வகுப்புப் பாடம். என் மாமனாருக்கு அந்தப் பாடம் நடத்தப்படவில்லை போலிருக்கிறது. “சொந்த மருமகன் மெஷினு தேனியில இருக்க, மதுரைக்குப் போனா நாலு பேரு என்னத்தா நெனைப்பாக?” என்றார். அந்த நாலு பேர் யார் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணம், காலேஜ், மருந்து, மாத்திரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது அவர்கள்தான். அப்பா முகம் வாடக் கூடாது என்று என் கணவரும் தலையாட்டிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று கல்லூரிக்கே லீவு போட்டேன்.

தேனியில் எடுத்தார்கள். பதினான்கு மில்லிமீட்டர் என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதைப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். மூன்று மில்லிமீட்டர் வளர்ச்சி. அப்போதே மதுரையில் ஒரு சர்ஜனுக்கு போன் போட்டார். படத்தை அவர் பார்க்கவே இல்லை, போனில் எண்ணைக் கேட்டார், ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கவாவது ஒரு நாள் எடுத்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலை என் கணவர் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வலது காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். “ஏதாச்சும் பேசு டீச்சரு. கேட்டு வச்சுக்கிறேன்” என்றார்.

என்ன பேசுவது? எனக்குத் தெரிந்ததைப் பேசினேன். அவர் அப்பாவைத் திட்டினேன். அத்தை மகனைத் திட்டினேன், போனிலேயே அறுக்கிற சர்ஜனைத் திட்டினேன், எங்கள் சாதி சனம் மொத்தத்தையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் திட்டக்கூட முடியாமல் எழுந்து போய் இரண்டு ஸ்கேன் படங்களையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன்.

வெளிச்சத்தில் பிடித்த உடனே தெரிந்தது. மதுரைப் படத்தில் இருட்டு இருட்டாகவே இருந்தது. தேனிப் படத்தில் இருட்டு முழுக்க ரவை தூவிய மாதிரி பொடிப்பொடியாக வெள்ளை. கட்டியின் விளிம்பு எங்கே முடிகிறது, ரவை எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்கேன் மெஷின் போடுகிற தடதட சத்தத்தை நான் சொல்லவில்லை, அதற்குக் காதில் பஞ்சு வைத்தால் போதும். அந்தக் காந்தத்துக்குள் படுத்திருக்கும் உடம்பிலிருந்து மிகமிக மெல்லிய ரேடியோ அலை வரும். அதைப் பிடித்துத்தான் படமாக்குகிறார்கள். பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடினாலும், டியூப் லைட் எரிந்தாலும், அதிலிருந்து கிளம்பும் வேண்டாத அலை இதோடு கலந்துவிடும். அதற்குத்தான் அந்த அறையைச் சுற்றித் தரை, சுவர், கூரை, கதவு என்று ஓர் இடம் விடாமல் செம்புத் தகடு போர்த்துவது. கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தால் போர்த்தியதெல்லாம் வீண்.

இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. சாதாரணமாக ஓர் அளவில் குறுக்கீடு கலந்தால் ஒரு தரம் கூடும், ஒரு தரம் குறையும். பலமுறை எடுத்துச் சராசரி போட்டால் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். இந்தப் படத்தில் கூட்டல் கழித்தலைப் பார்ப்பதில்லை, அலை எவ்வளவு பெரிசு என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். அதனால் ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஏதோ கொஞ்சம் இருப்பதாகவே பதிவாகும். அங்கே பூஜ்யம் வரவே வராது. எங்கள் சொந்தக்காரர்கள் பேச்சும் இப்படித்தான். விஷயம் ஒன்றும் இல்லாதபோதும் சும்மா இருக்க மாட்டார்கள். அந்தச் சாம்பல் பூச்சில் விளிம்பு கரைந்துபோகும், அதன் மேல் அளவுக்கோடு போடுகிறவர் கொஞ்சம் வெளியே தள்ளிப் போட்டுவிடுவார். பதினொன்று பதினான்காக அது போதும்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை. ஆனால் மில்லிமீட்டர் அவர் தொழில். ஏழு எம்எம் காய், எட்டு எம்எம் காய் என்று சல்லடையில் சலித்துத்தான் ஏலக்காய்க்கு விலை. படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“குமுளிச் சல்லடைக்கும் நம்ம சல்லடைக்கும் சேராதே, அது மாதிரியா?”

“அதே. அதுலயும் இங்கன உள்ளது ஓட்டைச் சல்லடை.”

“அப்ப வளந்துருக்கா இல்லையான்னு தெரியாது.”

“தெரியாது. அதத்தான் சொல்றேன்.”

தெரியாது என்பது எவ்வளவு நிம்மதியான வார்த்தை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதைச் சொல்ல மட்டும் அந்த ஸ்கேன் சென்டரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இரண்டு படங்களோடும் தேனிக்குப் போனோம். வேண்டாம் என்று சொல்லியும் மாமனார் கூடவே வந்தார். டாக்டர் என்னைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டு, காபி சொல்லி, நான் பேசியதை முழுதாகக் கேட்டு முடித்தார். பிறகு சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு சிரிப்பு. நான் பிசிக்ஸ் படித்தவளாம், அவர் மனுஷன் உடம்பைப் படித்தவராம். சரி, உங்கள் பதினான்கில் முன்பின் எவ்வளவு என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பதினான்கு என்றால் பதினான்குதான் என்றார். என் முதலாம் ஆண்டு மாணவிகூட லேப் தேர்வில் இந்தப் பதிலுக்கு முட்டை வாங்குவாள்.

மெஷின் இருக்கிற அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். நாணயம், கைக்கடிகாரம், வளையல் எல்லாம் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். அறைக்கு முன்னால் போனதும் அப்படியே நின்றுவிட்டேன். செம்பு போர்த்திய அந்தக் கனமான கதவு சாத்தியிருக்கவில்லை. வராந்தா பிளக்கிலிருந்து ஒரு வெள்ளை ஒயர் தரையோடு ஊர்ந்து, கதவு இடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது. கதவை இழுத்துச் சாத்தினால் ஒயர் நசுங்கும் என்று ஒரு விரல்கடை விட்டு, இடையில் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார்கள். உள்ளே எதிர்ச்சுவரில் பனிமலை. சிவப்புக் கூரை வீடு. மோட்டார் போட்டு அருவி கொட்டிக்கொண்டிருந்தது. கீழே தங்க எழுத்தில் என் மாமனாரின் பெயர் பளபளத்தது.

திறப்பு விழா அன்று நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு நடந்ததாம். தாய்மாமன் சீர், நாலோடு ஐந்தாகக் கடிகாரங்களுக்கு நடுவே தொங்கினால் என்ன மரியாதை, மெஷின் இருக்கிற இடத்தில்தான் மாட்ட வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். மெஷினைப் பொருத்த வந்தவர்கள், உள்ளே மின்சாரச் சாமான் எதுவும் கூடாது என்று தலைதலையாக அடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அத்தனை வருஷம் டாக்டருக்குப் படித்தவர், அதற்கு மேல் ஸ்கேன் படிப்பும் படித்தவர், தாய்மாமன் முறைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். பேஷண்ட் பயப்படாமல் இருக்கத்தான் மாட்டினேன் என்று என்னிடம் ஒரு காரணம் வேறு சொன்னார். ஆக என் கணவரின் கட்டியை வளர்த்தது அவருடைய அப்பாவின் சீர்.

அருவிப் படத்தை நிறுத்தி, ஒயரை எடுத்து, கதவைச் சாத்தி மறுபடி எடுங்கள் என்றேன். டாக்டர் குரலை இறக்கி, “மாமா செஞ்சது தங்கச்சி. அவுக சொல்லாம நான் கைய வைக்க முடியாது” என்றார். இதைச் சொன்னது ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆள் இல்லை, சுவரில் மூன்று பட்டம் மாட்டி வைத்திருந்த ஆள்.

மாமனார் வரவேற்பறையில், அந்தக் கடிகாரங்களுக்குக் கீழே விறைப்பாக உட்கார்ந்திருந்தார். செய்ததை நிறுத்தச் சொல்வது அபசகுனம் என்றார். தன் தங்கச்சி வீட்டில் நாளைக்கு எந்த முகத்தோடு கை நனைப்பது என்றார். அருவி ஓடுவதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம், படித்த பிள்ளை பேசுகிற பேச்சா இது என்றார். பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தார். இருக்கிற ஒரே காதால் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் மீது எனக்கு அந்த நிமிஷம் மரியாதை மிச்சம் இல்லை. ஆனாலும் மாமனார் என்பதால் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: “மாமா, ஒரு ஸ்கேன் எடுக்குற நேரம் மட்டும் உங்க அருவிய நிப்பாட்டுங்க. அப்பவும் பதினாலுன்னு வந்தா, நானே மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி கையெழுத்துப் போடுறேன். உங்க மகனுக்குக் காது போனப்பறம் உங்க பேர யாரு மைக்குல வாசிச்சாலும் அவருக்குக் கேக்காது.”

மாமனார் திரும்பி மகனைப் பார்த்தார். பிறகு எழுந்தார். வேறு யாரும் தொடக் கூடாது, தானேதான் பிடுங்குவேன் என்று நிபந்தனை போட்டார். ஏதோ கொடியேற்றப் போகிறவர் மாதிரி துண்டைச் சரிசெய்துகொண்டு போய், குனிந்து, பிளக்கைப் பிடுங்கினார். அருவி பாதியில் நின்றது. ஒயரைச் சுருட்டி உள்ளே வைத்தார்கள், துண்டை எடுத்தார்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு முதன்முதலாக அந்தக் கதவு முழுதாகச் சாத்திக்கொண்டது.

மதுரையில் எடுத்தது போலவே, ரொட்டி சீவுவது மாதிரி மெல்லிய மெல்லிய அடுக்குகளாகப் படம் எடுக்கச் சொன்னேன். இந்த மெஷினுக்கு அது நேரம் பிடிக்கும், வெளியே கூட்டம் காத்திருக்கிறது என்று டாக்டர் முனகினார். காத்திருக்கட்டும் என்றேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையையே பார்த்தேன். முதல் படம் விழுந்ததும் தெரிந்துவிட்டது, ரவையைக் காணோம். இருட்டு இருட்டாக இருந்தது. அதன் நடுவில் கட்டி, விளிம்பு துலக்கமாக, தன் பாட்டுக்குக் கிடந்தது. டாக்டர் கோடு போட்டார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தார். அரை மில்லிமீட்டர் முன்பின்னாகப் பதினொன்றுதான் வந்தது. ஒரு வருஷமாக அது அசையவே இல்லை.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அத்தனை நேரம் திட்டிக்கொண்டே இருந்ததால்தான் அழாமல் இருந்திருக்கிறேன்.

“சில சமயம் டெக்னிக்கலா இப்பிடி வரும்” என்றார் டாக்டர். அவ்வளவுதான் அவர் சொன்னது. பேனா வட்டம் போட்ட பழைய ரிப்போர்ட்டை எடுத்து மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாமனார் வீரபாண்டிக் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். மாரியம்மன்தான் கண் திறந்தாள் என்றார். மாரியம்மன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கும்பிட்ட கையை இறக்கியதும் அவர் செய்த முதல் வேலை, வராந்தாவுக்குப் போய் அந்த ஒயரை மறுபடி வெளியே இழுத்ததுதான். நம்ம வேலைதான் முடிந்ததே, இனிமேல் ஓடினால் என்ன என்று கேட்டார். டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். வரவேற்பறையில் கம்பத்திலிருந்தும், லோயர் கேம்ப்பிலிருந்தும், எங்கெங்கோ இருந்தும் வந்த ஜனம், கையில் பெரிய கவர்களோடு பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருந்தது. அவர் தந்தையின் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்துக் கேட்டார்.

“ஏன் மச்சான், கடை தெறந்ததுலருந்து இந்தக் கதவ இப்பிடித்தான தெறந்து வச்சு எடுத்தீக? அப்ப இங்கன படம் எடுத்துட்டுப் போனவுகளுக்கெல்லாம் என்ன அளவு சொன்னீக?”

அவர் குரலைத்தான் முன்பே சொன்னேனே. வரவேற்பறையில் பேச்சு நின்றது. கடிகாரங்கள் மட்டும் ஆளுக்கொரு நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன.

டாக்டர் அவசரமாக அருகில் வந்து, அவருடைய வலது காதோரம் குனிந்து ஏதோ கிசுகிசுத்தார். என் கணவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“கேக்கல மச்சான். சத்தமாச் சொல்லுங்க.”

டாக்டர் மறுபடி கிசுகிசுத்தார்.

“எனக்குக் காது மந்தம்னு தெரியும்ல? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. மறுபடி எடுத்துத் தருவீகளா, மாட்டீகளா?”

முன் பெஞ்சில் இருந்த ஓர் அம்மா கவரோடு எழுந்தார். தன் மகனுக்கும் இங்கேதான் எடுத்தது, அதுவும் தப்பா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். பிறகு பெஞ்சு மொத்தமும் எழுந்தது. டாக்டர் வேர்த்து வழிய, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எடுத்துத் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம், கதவைச் சாத்தியே எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மாமனார் ஒயரைக் கீழே போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போனார்.

போடிக்குத் திரும்பும் பஸ்ஸில் வழக்கம்போல என்னை வலதுபக்கம் உட்கார வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன்: “டாக்டரு காதுக்குள்ளயே வந்து சொன்னாரே, நெசமாவே கேக்கலையா?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “நல்லாவே கேட்டுச்சு. ‘அவுகள்லாம் நமக்கு யாரு மாப்ள’ன்னாரு.”